மலை ஏறினால் இரும்பு இளைக்குமா?

இந்த வாரம் தபால்காரர் வாசலில் நின்று கூப்பிட்டார். உறையில் ஒட்டிய தபால் தலை போதவில்லையாம், பாக்கிக்கு இரண்டு மடங்கு கட்டினால்தான் கையில் கிடைக்குமாம். கட்டி வாங்கிப் பிரித்தால் பதினான்கு தாள், இரண்டு பக்கமும் நுணுக்கி எழுதியது. தலைப்பு: 'ஐன்ஸ்டீனின் எடைப் பிழை'. எடையைப் பற்றிய கடிதமே எடை கூடிப்போய் வந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதன் சாரம்தான் முதல் கேள்வி. அதைப் படித்த சூட்டில், சேர்ந்து கிடந்த கடிதங்களில் அதே வாசனை அடித்தவற்றையே பொறுக்கிவிட்டேன். மற்றவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: சூடேறினால் பொருளுக்கு நிறை கூடும் என்கிறது ஐன்ஸ்டீனின் 'ஈ ஈக்வல் டு எம்சி ஸ்கொயர்' (ஆற்றல் = நிறை × ஒளி வேகத்தின் வர்க்கம்). நான் நாற்பது வருஷமாக வெள்ளி உருக்குகிறவன். வார்த்த கட்டியைச் சூட்டோடும் ஆறவைத்தும் பதினொரு தடவை நிறுத்துப் பார்த்தேன். பதினொரு தடவையும் சூட்டில் குறைவு, ஆறினால் அதிகம். சூத்திரம் தலைகீழாக இருக்கிறது. படித்தவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரிப்பீர்களா?
— வெள்ளிப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: சிரிக்கவில்லை. பதினொரு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறவரைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தினேன், ஒருநாள்கூடச் சூடான கட்டியை நிறுத்ததில்லை. கடிதத்தில் விலாசம் இருந்ததால்தான் சனிக்கிழமை நேராகப் பட்டறைக்கே வந்தேன். நாம் இருவரும் பார்த்ததை மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிக் கூண்டு வைத்த டிஜிட்டல் தராசு. கூண்டின் கதவு திறந்தே இருந்தது. தட்டு சூடாகாமலிருக்க ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்து, அதை முதலில் பூஜ்ஜியமாக்கிக்கொண்டு, இடுக்கியால் கட்டியை வைத்தார். 512.40 என்றது. கடைசி இலக்கம் நிற்கவில்லை. 39, 41, 38 என்று ஆடியது. ஆறின கட்டிக்கு அவர் நோட்டில் எழுதியிருந்தது 512.46. கடிதத்தில் சொன்னது சொன்னபடியே இருந்தது. சாமி படத்துக்கு முன்னால் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியை எடுத்துவந்து தட்டின் ஓரத்தில் பிடித்தேன். புகை நேரே மேலே போகவில்லை. பக்கவாட்டில் கட்டியை நோக்கி இழுபட்டு, அதன் தலைக்கு மேல் போனதும் விறுவிறுவென்று ஏறியது. நான்கு பக்கமும் அப்படித்தான். "அப்ப காத்துங்களா தூக்குது?" என்று கேட்டார். காற்றுதான். சூடான உலோகத்தை ஒட்டிய காற்று இலேசாகி மேலே கிளம்புகிறது, போகிற போக்கில் கட்டியையும் கொஞ்சம் தூக்கிவிடுகிறது. ஆற ஆற அந்தத் தூக்கல் நின்றுபோகிறது, எண் ஏறுகிறது. போதாததற்குத் தட்டுக்கு அடியில் எடையை உணர்கிற லோடு செல்லுக்குச் சூடு இறங்கினால் அதுவும் தன் பங்குக்குக் கதை சொல்லும். ஆய்வுக்கூடங்களில் சூடான மூசையை (உருக்கும் கிண்ணத்தை) ஆறவைக்காமல் தராசில் வைக்கக் கூடாது என்று அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சரி, ஐன்ஸ்டீன் கணக்குப்படி எவ்வளவு கூடியிருக்க வேண்டும்? அரைக் கிலோ வெள்ளியை அறைச் சூட்டிலிருந்து 400 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 45,000 ஜூல் வெப்பம் வேண்டும். அதை ஒளி வேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது அரை நானோகிராம். ஒரு கிராமை இருநூறு கோடிப் பங்காக நறுக்கி அதில் ஒரு பங்கு. உங்கள் தராசு காட்டக்கூடிய மிகச் சிறிய அளவே 10 மில்லிகிராம், இதைப் போல இரண்டு கோடி மடங்கு. நெல் மூட்டை நிறுக்கும் தராசில் மூட்டைமேல் உட்கார்ந்த கொசுவைக்கூட நிறுத்துவிடலாம் போலிருக்கிறது, இது அதையும் தாண்டிய சங்கதி. ஆகவே உங்கள் பட்டறையால் ஐன்ஸ்டீனை நிரூபிக்கவும் முடியாது, கவிழ்க்கவும் முடியாது. உங்கள் தராசு பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

இதற்கேற்ற தராசில் நிறுத்தவர்கள் இருக்கிறார்கள். 2005-இல் கந்தகம், சிலிக்கான் அணுக்களை அப்படி நிறுத்தார்கள். அணு ஒரு நியூட்ரானை விழுங்கினால் காமா கதிர் வெளியேறும், நிறையிலும் கொஞ்சம் காணாமல் போகும். காணாமல் போன நிறையைத் தனியாகவும், வெளியேறிய கதிரின் ஆற்றலைத் தனியாகவும் அளந்து இரண்டையும் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு கோடியில் நான்கு பங்கு என்ற துல்லியத்துக்குள் இரண்டும் பொருந்தின. 'கணக்கில் காட்டினார்கள், கண்ணில் காட்டவில்லை' என்று உங்கள் ஒன்பதாம் தாளில் கேட்டிருந்தீர்கள். காட்டியிருக்கிறார்கள்.

ஒரு சின்னச் செய்தி. மூசையில் உருகி நிற்கும் வெள்ளியையும் உறைந்த வெள்ளியையும் ஒப்பிட வேண்டாம். உருகிய வெள்ளி தன் கன அளவைப் போல இருபது மடங்கு ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும். உறையும்போது அதைக் கக்கும், வெள்ளியும் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். அந்தச் சேதாரத்தையும் ஐன்ஸ்டீன் கணக்கில் எழுதினால் பாவம் அவர்.

கேள்வி: ஏற்காட்டில் மிளகு, காபிக்கொட்டை வாங்கி விற்கிறேன். சேலத்தில் புது டிஜிட்டல் தராசு வாங்கியபோது கடையிலேயே 20 கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்தேன், 20.000 காட்டியது. மேலே கொண்டுவந்து அதே கல்லை வைத்தால் 19.995. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதில் இரும்பு இளைத்துவிட்டதா, தராசு கெட்டுவிட்டதா?
— மிளகு வியாபாரி, ஏற்காடு

பதில்: இரண்டும் இல்லை. நல்ல தராசு வாங்கியிருக்கிறீர்கள்.

என் அப்பா சேலம் லீ பஜார் பக்கம் தராசு பழுது பார்த்தவர். அந்தக் காலத்தில் இரண்டு தட்டுத் தராசுதான். கோலின் நடுவில் கத்திமுனை, அதன்மேல் நாக்கு. ஒரு தட்டு அரை மயிரிழை இறங்கி நின்றால் மறு தட்டின் அடியில் துளி புளியை அப்பிச் சரிக்கட்டும் கடைக்காரர்கள் உண்டு. அப்பா அந்தப் புளியைச் சுரண்டி அவர்கள் முன்னாலேயே மேசைமேல் வைப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் சரிசெய்த தராசுகள் பஸ்ஸின் மேல் ஏறி எஸ்டேட்டுகளுக்குப் போகும். மேலே போய்த் தவறு காட்டியதாக ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. காரணம், தட்டுத் தராசு பொருளையும் படிக்கல்லையும் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது. பூமியின் இழுப்பு குறைந்தால் இரண்டு தட்டுக்கும் சமமாகக் குறையும், நாக்கு நடுவிலேயே நிற்கும். அது நிறையைச் சொல்கிற கருவி.

டிஜிட்டல் தராசு அப்படி இல்லை. அதற்குள் ஒரு உலோகத் துண்டு எவ்வளவு வளைகிறது என்று பார்த்து, அந்த அழுத்தத்தைக் கிலோவாக மொழிபெயர்க்கிறது. அழுத்தம் என்பது எடை. சேலத்து இழுப்புக்குப் பழக்கிய மொழிபெயர்ப்பாளரை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனால் கொஞ்சம் பிசகத்தான் செய்யும்.

ஏன் சரியாக ஐந்து கிராம்? சேலம் கடல் மட்டத்துக்கு மேல் 280 மீட்டர் வாக்கில், ஏற்காடு 1,500 மீட்டர் வாக்கில். பூமியின் மையத்திலிருந்து சுமார் 1.2 கிலோமீட்டர் விலகிப் போகிறீர்கள். அதற்கு 20 கிலோவுக்கு ஏழரை கிராம் குறைய வேண்டும். ஆனால் அந்த 1.2 கிலோமீட்டரும் வெற்றிடம் இல்லையே. காலுக்குக் கீழே சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறை முழுசாக இருக்கிறது, அதுவும் தன் பங்குக்கு இழுக்கிறது. குறைந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அது திருப்பித் தந்துவிடும். மிச்சம் ஐந்து கிராம் அளவு. உங்கள் தராசு ஐந்து ஐந்து கிராமாகத்தான் எண்ணும் என்று நினைக்கிறேன், அதனால் அழகாக 19.995-இல் வந்து நின்றிருக்கிறது. மலையின் எடையை நீங்கள் மிளகுத் தராசில் பார்த்திருக்கிறீர்கள்!

1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரருக்கு இதே அனுபவம். பாரிசில் ஒழுங்காக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேன் ஊருக்குக் கொண்டுபோனார். அது நாளுக்கு இரண்டரை நிமிஷம் பின்தங்கியது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இழுப்பு குறைவு என்பது அப்படித்தான் தெரிய வந்தது. முதலில் கடிகாரத்தைத்தான் குறை சொன்னார்கள்.

செய்ய வேண்டியது சுலபம். தராசை வைத்திருக்கும் இடத்திலேயே படிக்கல் வைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். கடையை இப்போது நடத்துகிற என் தம்பி மேலே போகும்போதெல்லாம் முத்திரை வைத்த படிக்கல் பெட்டியைக் கையோடு கொண்டுபோவான். ஒரு தடவை சோம்பலில் கீழேயே சரிசெய்து அனுப்பிவிட்டு, மறுநாள் பெட்டியோடு ஏறினான். மற்றபடி, ஏற்காட்டு மூடுபனியில் ஒரு ராத்திரி திறந்து கிடந்த மிளகு மூட்டை குடிக்கிற ஈரத்துக்கு முன்னால் இந்த ஐந்து கிராம் எந்த மூலைக்கு?

கேள்வி: நிறை வேறு, எடை வேறு என்று பள்ளியில் படித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் இருக்கும் அக்கா, 'நிறை' என்றாலே எடைதான் என்கிறார். யார் சரி?
— பிளஸ் ஒன் மாணவி, ஆத்தூர்

பதில்: இருவரும். தமிழ்நாட்டுப் பாடநூலில் பொருளின் அளவு நிறை, அதன்மேல் பூமியின் இழுப்பு எடை. இலங்கைப் பாடநூலில் முன்னது திணிவு, பின்னது நிறை. ஒரே சொல், கடலைத் தாண்டினால் மற்ற பக்கம். பழந்தமிழில் தராசுக்கு 'நிறைகோல்' என்று பெயர் உண்டு, நிறுப்பதிலிருந்துதான் நிறை, ஆகவே அக்கா பக்கம் கொஞ்சம் பழமை இருக்கிறது. எனக்கே திணிவு என்ற சொல்மேல் ஒரு கண். திணித்து வைத்தது எவ்வளவு என்று கேட்பதுபோல் இருக்கிறது. தேர்வில் எழுதிவிடாதே, மதிப்பெண் போகும். நிறைக்குக் கிலோகிராம், எடைக்கு நியூட்டன், இதை மட்டும் பிசகாமல் எழுது. மளிகைக் கடையில் போய் 9.8 நியூட்டன் பருப்பு கேட்காதே.

கேள்வி: ஐன்ஸ்டீனின் சார்பியல் என்பதே மேல்நாட்டார் கட்டிவிட்ட கதை. வேகமாகப் போனால் கடிகாரம் மெதுவாகும் என்றால் சென்னை பஸ்ஸில் போய் இறங்கும்போது என் கைக்கடிகாரம் ஏன் சரியாக இருக்கிறது? நம்மவர்கள் கேள்வி கேட்காமல் விழுங்கிவிட்டார்கள்.
— ஓய்வுபெற்ற லைன்மேன், அம்மாபேட்டை

பதில்: சேலத்திலிருந்து சென்னைக்கு 340 கிலோமீட்டர். பஸ் மணிக்கு அறுபதில் போனால், ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்காக்கி அதில் முப்பது பங்கு உங்கள் கடிகாரம் பின்தங்கும். அதைக் காட்டுகிற கைக்கடிகாரத்தை இன்னும் யாரும் விற்கவில்லை.

விழுங்கிவிட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1920-இல் ஐன்ஸ்டீனின் கட்டுரைகளை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்துக் கல்கத்தா பல்கலைக்கழகம் வழியாக வெளியிட்டவர்கள் நம் இயற்பியலாளர்கள் மேகநாத் சாகாவும் சத்தியேந்திர நாத் போசும். இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. நம் கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தில் ஜான் எவர்ஷெட், சூரிய ஒளியின் கோடுகள் ஐன்ஸ்டீன் சொன்ன அளவு சிவப்புப் பக்கம் நகர்கின்றனவா என்று வருஷக் கணக்கில் அளந்துகொண்டிருந்தார்.

சந்தேகப்பட்டவர்கள் அமெரிக்க ராக்கெட் ஆட்களிடையேயும் உண்டு. இந்தக் கதையை உங்களுக்காகவே வைத்திருந்தேன். ஜிபிஎஸ் வருவதற்கு முன்னோட்டமாக 1977 ஜூனில் என்டிஎஸ்-2 என்ற செயற்கைக்கோளை ஏவினார்கள். உள்ளே சீசியம் கடிகாரம், அணுவின் துடிப்பை எண்ணி ஓடுகிற மிகத் துல்லியமான கடிகாரம். பூமியின் இழுப்பை மீறி உயரே போய்விட்டதால் அது வேகமாக ஓடும், தன் ஓட்டத்தால் சற்று மெதுவாகும், இரண்டையும் கழித்தால் நாளுக்கு 38.6 மைக்ரோ நொடி முந்தும் என்பது சார்பியல் கணக்கு. நம்பாதவர்கள் இருந்ததால், திருத்தத்தைக் கீழேயிருந்தே போடவும் நிறுத்தவும் ஒரு சுவிட்ச் வைத்து அனுப்பினார்கள். முதல் இருபது நாள் திருத்தம் இல்லாமல் சும்மா ஓடவிட்டார்கள். கடிகாரம் நாளுக்கு 38.2 மைக்ரோ நொடி முந்தியது. பிறகு சுவிட்சைப் போட்டார்கள். இன்றைக்கு ஜிபிஎஸ் கடிகாரங்கள் கிளம்பும்போதே கொஞ்சம் மெதுவாக ஓடும்படி வைத்துத்தான் மேலே போகின்றன. மைக்ரோ நொடி என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். 38 மைக்ரோ நொடியில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும். ஐந்து ரோட்டுக்கும் அஸ்தம்பட்டிக்கும் இடையில் வழி சொல்கிற போனுக்கு அது பெரிய தூரம்.

லைன்மேனாக இருந்தவர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன், நீங்கள் ரசிப்பீர்கள். 2005-இல் அமெரிக்காவில் கடிகாரப் பைத்தியம் ஒருவர் மூன்று சீசியம் கடிகாரங்களையும் பேட்டரிகளையும் குடும்ப வேனில் ஏற்றி, பிள்ளைகளையும் உட்காரவைத்து, ரெய்னியர் மலைக்கு ஓட்டிப் போனார். அவர்கள் தங்கிய இடம் நம் ஏற்காட்டைவிடச் சற்றே உயரம். இரண்டு நாள் இருந்துவிட்டு இறங்கி வீட்டில் விட்டுவந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டால், மலைக்குப் போனவை சுமார் 22 நானோ நொடி முந்தியிருந்தன. கணக்கும் அதையே சொன்னது. அவர் பேராசிரியர் இல்லை. சந்தேகம் வந்தால் வேனை எடுக்கிற ஆள்.

கேள்வி: வேகம் கூடினால் நிறை கூடும் என்று நீங்களே எங்களுக்கு நடத்தினீர்கள். இப்போது யூடியூபில் அது தவறு என்கிறார்களே?
— உங்கள் பழைய மாணவன், கோவை

பதில்: வாப்பா. முப்பத்தொரு வருஷமும் அப்படித்தான் நடத்தினேன், பழைய புத்தகங்களும் அப்படித்தான் சொல்லின. இப்போது இயற்பியலாளர்கள் பெரும்பாலும் நிறை மாறாது என்றே வைத்துக்கொண்டு, கூடுவது உந்தமும் ஆற்றலும் என்கிறார்கள். ஐன்ஸ்டீனே 1948-இல் ஒரு கடிதத்தில், வேகத்தோடு கூடும் நிறை என்ற பேச்சை விட்டுவிடுவது நல்லது என்று எழுதியிருக்கிறார். கணக்கில் விடை ஒன்றுதான். பழைய கலர் டிவி குழாயில் 25,000 வோல்ட்டில் பாயும் எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் 30 சதவீதத்தைத் தொடும். நியூட்டன் கணக்கு போட்டால் 31 வரும். அந்த வித்தியாசத்தை எந்தப் பெயரில் சொன்னாலும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் பெயர் தப்பாக இருந்தால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். உன் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒருவன், 'ராக்கெட்டுக்குள்ள இருக்கறவன் கையில படிக்கல் இருந்தா அவனுக்கு அது கனமாயிடுமா சார்?' என்று கேட்டான். 'அது பரீட்சைக்கு வராது, உட்கார்' என்றேன். ஆகாது என்பதுதான் பதில். ராக்கெட்டு சீராகப் போகும்வரை உள்ளே இருப்பவனுக்கு எதுவுமே மாறாது, சார்பியலின் அடிக்கல்லே அதுதான். அவனைப் பார்த்தால் சொல்லு. அது நீயாகவே இருந்தால், இதோ சொல்லிவிட்டேன்.

கேள்வி: வெள்ளியும் கோதுமையும் ஒரே வேகத்தில் விழும் என்பதை யாராவது செய்து பார்த்தார்களா? — ஓமலூர் வாசகர்

பதில்: நியூட்டனே. பொன், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், தண்ணீர், கோதுமை எல்லாவற்றையும் ஒரே மாதிரி மரப்பெட்டிகளில் சம எடையாகப் போட்டு, 11 அடிக் கயிற்றில் ஊசலாக ஆட்டிப் பார்த்தார். ஊசல் ஆடுவதும் ஒருவகையில் விழுவதுதான். பெட்டிகள் நெடுநேரம் சேர்ந்தே ஆடின. லீ பஜாரில் ஒரு சுற்று வந்தால் பாதிச் சாமான் கிடைத்துவிடும். 2016-இல் போன 'மைக்ரோஸ்கோப்' என்ற பெயருள்ள செயற்கைக்கோளில் பிளாட்டினத்தையும் டைட்டானியத்தையும் வைத்து, ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்கு வரை பார்த்துவிட்டார்கள். வித்தியாசம் இல்லை.

கேள்வி: விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பே கிடையாதாமே? — மேட்டூர் வாசகர்

பதில்: 400 கிலோமீட்டர் உயரத்திலும் இங்கே இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் யாரும் யார்மேலும் அழுந்துவதில்லை. அங்கே உங்கள் டிஜிட்டல் தராசு பூஜ்ஜியம் காட்டும்.

கேள்வி: நாங்கள் இரட்டையர். அக்கா என்னைவிட நான்கு நிமிஷம் மூத்தவள், சேலத்தில் இருக்கிறாள். நான் கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்துவிட்டேன். மலையில் கடிகாரம் வேகமாக ஓடும் என்று படித்தேன். நான் எப்போது அவளைவிட மூத்தவள் ஆவேன்? — இளையவள், ஏற்காடு

பதில்: நாளுக்குப் பதினொரு நானோ நொடி அவரை நெருங்கிக்கொண்டிருக்கிறீர்கள். வருஷத்துக்கு நான்கு மைக்ரோ நொடிக்குக் கொஞ்சம் மேல். நான்கு நிமிஷத்தை எட்ட ஐந்தே முக்கால் கோடி வருஷம் ஆகும். அதுவரை தீபாவளிக்குச் சீலையை அக்காதான் முதலில் எடுப்பார்.